கஷ்டம் பாயும் கொழுத்த எலிகளும்

ஒரு மனிதனுடைய நம்பிக்கையை ஒரே வார்த்தையில் உடைத்து அவன் கையிலேயே கொடுத்து அனுப்ப, அந்தக் கால மதுரையில் கஷ்டம் பாயை விட்டால் வேறு ஆள் கிடையாது. டாக்டர்கள் முயன்றார்கள். வக்கீல்கள் முயன்றார்கள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற என்னைப் போன்ற வாத்தியார்களும் எங்களால் ஆனதைச் செய்தோம். பாயின் கால் தூசிக்கு வரமாட்டோம்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து முனையில் தகரக் கடை வைத்திருந்தார். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை. பழைய மண்ணெண்ணெய் டின், பிஸ்கட் டின் இவற்றை வெட்டிப் புனல், சிம்னி விளக்கு, எலிப்பொறி என்று செய்து விற்பார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி, குறுந்தாடி, காதில் செருகிய பென்சில், துக்க வீட்டிலிருந்து நேரே வந்தவர் போன்ற முகம். யார் எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, "கஷ்டம்" என்பார்.

"பாய், விளாங்குடிக்கு பஸ் போயிருச்சா?"

"போயிருக்கும். போகாட்டி, எடம் இருக்காது. எடம் இருந்தா, நடு வழியில நின்னுரும். கஷ்டம்."

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் அவர் சொன்ன மூன்றும் நடக்கும். சில நாள் மூன்றும் ஒரே பஸ்ஸுக்கு நடக்கும்.

எங்கள் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் டைபாய்டிலிருந்து பிழைத்து, முதல் முதலாக வெளியே காலெடுத்து வைத்தவர், சந்தோஷம் தாங்காமல், "பொழைச்சுட்டேன் பாய்!" என்று சொல்லியிருக்கிறார். பாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது திரும்பி வார சுரமாச்சே" என்றார். டிராயிங் மாஸ்டர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பெண் பார்க்கப் போகிறவர்கள், வேலைக்கு மனுப்போடப் போகிறவர்கள் எல்லாரும் அந்த முனையை விட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள். ஒரு மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், பாய் கடை நெருங்கியதும் நாயனத்தை நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கடந்ததை நானே பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு கையால் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பாய் மட்டும் தலையை நிமிர்த்தாமல் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவரிடம் நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். எலியால் போனேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். மனைவி கோமதி, பத்து மாதக் குழந்தை சிவகாமி, நான், மூன்று பேரும் அந்தச் சந்தின் நடுவில் ஒரு வீட்டில் குடியிருந்தோம். ரயில் பெட்டி மாதிரி வரிசையாக மூன்று அறைகள், பக்கவாட்டில் நீளமாக ஒரு முற்றம். நடு அறையை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்தார். அதற்கு முற்றத்துப் பக்கம் தனியாக ஒரு வாசல் உண்டு, அதிலும் பூட்டு. "பழைய பாத்திர பண்டம் கெடக்கு வாத்தியாரே, ஒங்களுக்கு அது என்னத்துக்கு?" என்றார். யுத்தத்துக்குப் பயந்து எங்கெங்கிருந்தோ ஜனங்கள் மதுரைக்கு வந்து சேர்ந்திருந்த நேரம். வீடு கிடைத்ததே தெய்வ சங்கல்பம் என்று முன்னறையையும் அடுப்படியையும் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டோம்.

குடிவந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது, வீட்டில் எங்களைத் தவிர வேறு குடித்தனமும் இருக்கிறதென்று. ஒரு சோப்புக்கட்டியில் ஆரம்பித்தது. பிறகு மெழுகுவர்த்தி. பிறகு என் குடை. கம்பிகளை மட்டும் வைத்துவிட்டுத் துணியைக் கொண்டுபோய்விட்டன. என் சரித்திரப் புத்தகத்தில் குப்தர் காலம் தொடங்கி மொகலாயர் காலம் முடியத் தின்றுவிட்டுக் கம்பெனி ஆட்சி வந்ததும் நிறுத்திக்கொண்டன. எலிக்கும் அது ஜீரணமாகவில்லை போலிருக்கிறது.

பூனை வளர்த்துப் பார்த்தோம். சக ஆசிரியர் ஒருவர் "புலிக்குட்டி சார் இது" என்று சொல்லி ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கொடுத்தார். புலிக்குட்டி இரண்டு நாள் குழந்தையின் பாலைக் குடித்தது. மூன்றாம் நாள் எங்கள் வீட்டு எலி ஒன்றை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தது. அப்புறம் அதை நாங்கள் பார்க்கவில்லை. சந்தையில் விற்ற மரப்பொறி ஒன்றை வாங்கி வைத்தேன். மசால்வடை போகும், எலி இருக்காது. பாஷாணம் வைக்கலாம் என்றேன். தரையில் தவழ்ந்து, கண்டதை எடுத்து வாயில் வைக்கிற குழந்தையைக் காட்டி, கோமதி ஒரு பார்வை பார்த்தாள். அந்த யோசனையை அன்றோடு விட்டேன்.

பிறகு ஒரு நாள் பேப்பர் கட்டில் கை வைத்தன. நாலாம் பாரத்து வருஷப் பரீட்சைப் பேப்பர்களைத் துணியில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். திருத்தலாம் என்று எடுத்தால் கட்டு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. அவிழ்த்தேன். உள்ளே காகிதத் துருவலும், அதன் நடுவில் கண் திறக்காத ஐந்து எலிக்குஞ்சுகளும்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் முன்னால் நின்றேன்.

"நாப்பத்திரெண்டு பேப்பர்ல எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு, சார்."

"மிச்சம்?"

"எலி தின்னுருச்சு, சார்."

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இந்தச் சாக்கப் பசங்க சொல்லி இருபது வருஷமாக் கேக்கறேன். வாத்தியார் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்."

முப்பத்தொரு பையன்களுக்கு மறுபரீட்சை. முப்பத்தொரு தகப்பன்மார்கள் தனித்தனியாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று பள்ளி நிர்வாகத்தில் எழுத்தில் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தையாவது பத்திரமாக வைக்க வேண்டுமே என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்து நடந்ததற்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகல். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. கோமதி அடுப்படியில், நான் முற்றத்தில். வீல் என்று ஒரு சத்தம். குழந்தை அழுகிற சத்தமாகவே அது இல்லை. இரண்டு பேரும் ஓடினோம். தூளிக்கு வெளியே தொங்கிய பிஞ்சுக் காலின் கட்டைவிரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. தூளிக் கயிற்றில் ஏறிய எலி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல், உத்தரத்தின் மேலே நடந்து போயிற்று.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார். இரண்டு நாள் காய்ச்சல் அனலாய் அடித்தது. கோமதி அந்த இரண்டு நாளும் குழந்தையைக் கீழே விடவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவள் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள்.

"வாடிப்பட்டிக்குப் போறேன். எங்கம்மா வீட்டுல ஆயிரம் கொற இருக்கு, எலி இல்ல."

"கோமதி, ஒரு வாரம் பொறு..."

"எட்டு மாசம் பொறுத்தாச்சுங்க. எலி போச்சுன்னா வந்து கூப்பிடுங்க. போகலேன்னா வராதீக."

ரயிலேற்றிவிட்டு வந்தேன். காலியாகக் கிடந்த தூளியை அவிழ்க்க மனசு வரவில்லை. சோறு வடித்தேன், சாப்பிட முடியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் எலி என்னைப் பார்த்துக்கொண்டே முகத்தைக் கழுவிக்கொண்டது. இந்த வீட்டில் குடியிருப்பது அதுதான், நான் சும்மா வந்துபோகிறவன் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலையில் பாய் கடைக்குப் போனேன்.

"என்னா வாத்தியாரே, விளக்கா, புனலா?"

"எலி, பாய்."

பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். "உக்காருங்க."

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கூட என்னிடம் அவ்வளவு நிதானமாகக் கேள்வி கேட்டதில்லை.

"பகல்ல வருதா?"

"வருது."

"ஆளப் பாத்து ஓடுதா, நடக்குதா?"

"நடக்குது பாய்."

கண்ணை மூடிக்கொண்டார். "சோப்பு?"

"தின்னுச்சு."

"முழுசாவா, ஓரத்துலயா?"

"ஓரத்துல கடிச்சுட்டு விட்டுருச்சு."

"அரிசி?"

"அதுதான் ஆச்சரியம். ரேஷன் அரிசிய மோந்து பாக்குது, தொடாம போயிருது. எங்களுக்கே அது தொண்டையில எறங்கல, அதுக்கும் பிடிக்கல போல."

பாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். "பசிக்குத் திங்குற எலின்னா பொறியில விழும். பொழுது போகலேன்னு திங்குற எலி விழாது. கஷ்டம்."

நான் எழுந்துவிட்டேன். "பிள்ளைய கடிச்சிருச்சு பாய். பத்து மாசப் பிள்ள" என்றேன்.

பாய் காதில் இருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி காதிலேயே செருகினார். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூட ஆரம்பித்தார். காலை பத்து மணிக்கு அவர் கடை மூடி யாரும் பார்த்ததில்லை. எதிர்க் கடைக்காரர் பதறிப்போய், "என்னா பாய், யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டார். "வாத்தியாருக்கு எலி" என்றார் பாய்.

வீட்டுக்குள் வந்தவர் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். சுவரைத் தட்டினார். சாக்கடைத் துவாரத்தில் காதை வைத்துக் கேட்டார். புழுக்கையை எடுத்துக் காகிதத்தில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு "கஷ்டம்." எண்ணிக்கொண்டே வந்த நான் பதினாறோடு விட்டுவிட்டேன்.

"நாளைக்குப் பொறி கொண்டாறேன். கருவாடு வாங்கி வைங்க."

"நாங்க சைவம், பாய்."

"எலியும் சைவமா?"

"இல்ல... வீட்டுக்குள்ள கருவாடு..."

"அரிசி தின்னு சலிச்ச எலி இது. அதுக்கு நாக்கு வேற கேக்கும். நானே கொண்டாறேன், விடுங்க."

அவர் செய்துகொண்டு வந்த பொறி ஒரு பெரிய பிஸ்கட் டின். யுத்தத்தில் தகரமே கிடைக்காத நாளில் அது அவருக்குப் பொக்கிஷம். ஒரு பக்கம் தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் எலி நுழைகிற வாசல். உள்ளே கொக்கியில் கருவாடு. அந்த நாற்றத்தில் என் ஏழு தலைமுறை சைவமும் முற்றத்துக்கு ஓடியது.

ஒரு வாரம் ஒன்றும் விழவில்லை. தினமும் காலையில் பாய் வந்து பொறியைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் வாடிப்பட்டிக்குப் போனேன். வாசலில் கோமதி நின்றாள், இடுப்பில் குழந்தை.

"எலி போயிருச்சா?"

"இல்ல. தகரக் கடை பாய் வந்து பாக்குறாரு."

"என்னா சொல்றாரு?"

"கஷ்டம்ங்கிறாரு."

"அவராவது உள்ளதச் சொல்றாரே" என்றாள்.

நான் கையை நீட்டினேன். குழந்தை என்னை உற்றுப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கி அழுதுகொண்டே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பத்து நாளில் என்னை மறந்துவிட்டது. திரும்புகிற ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி எலி ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பொறி விழுந்திருந்தது. பாய் டின்னைத் தூக்கினார். அவர் கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூடியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தவர், என்னையும் பார்க்கச் சொன்னார். பளபளவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி மேனி, தரையில் உரசுகிற தொந்தி.

"விழுந்துருச்சே பாய்!" என்று குதித்தேன்.

"இது வழி தவறி வந்த எலி. மத்தது வராது." பாய் டின்னைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "ஊரே எலும்பும் தோலுமா கெடக்கு வாத்தியாரே. நீங்க எம்புட்டு எளைச்சுட்டீக. நா எளைச்சுட்டேன். ரோட்டுல போற மாடு எளைச்சிருக்கு. ஒங்க வீட்டு எலி மட்டும் எப்பிடிக் கொழுத்துச்சு?"

நான் டின்னுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஒரு பை நிறையக் கோலப்பொடி கொண்டுவந்து, முற்றத்திலிருந்து முன்னறை வரை தரையெல்லாம் தூவிவிட்டு, என்னைப் பள்ளிக்கூட நண்பர் வீட்டில் படுக்கச் சொன்னார். விடிந்து இருவரும் போய்க் கதவைத் திறந்தோம். வெள்ளைப் பொடியில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் காலடிகள். அடுப்படியிலிருந்து, அலமாரியிலிருந்து, தூளி கட்டிய மூலையிலிருந்து, திருவிழாவுக்குப் போகிற கூட்டம் மாதிரி எல்லாம் ஓர் இடத்துக்கே போயிருந்தன. பூட்டிக் கிடந்த நடு அறைக் கதவின் கீழே இருந்த இடுக்குக்கு.

பாய் குனிந்து, அந்த இடுக்கில் விரலை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை வெளேரென்று, நீளமாக, ஒரு மணி அரிசி. ரேஷன் கடையில் அந்த மாதிரி அரிசியைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"பழைய பாத்திரம்னுல்ல சொன்னாரு" என்றேன்.

"மண்டிக்காரரு வீட்டுப் பாத்திரம். ரொம்பித்தான இருக்கும்" என்றார் பாய்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அரிசி மண்டி இருந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டும். அரிசியைப் பதுக்கினால் ஜெயில் என்று தண்டோரா போட்டுக்கொண்டிருந்த நாள். மூட்டைகளை என் தலைமாட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கிவைத்துவிட்டு, அதை மறைக்கச் சரித்திர வாத்தியாரைக் குடிவைத்திருக்கிறார். வாத்தியார் வீட்டில் யார் சோதனை போடுவார்கள்? வெளியே தெரிந்தால் என்னையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். அவரிடம் கேட்டால் வீட்டை விட்டுத் துரத்துவார்.

"பாய், இத இப்பிடியே விட்டுரலாம். எங்கயாவது வேற வீடு பாத்துக்கறேன்."

"கெடைக்காது" என்றார் பாய். எலி இருந்த டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். "நீங்க வாங்க, வராட்டிப் போங்க. நா போறேன்."

பின்னாலேயே போனேன். மண்டியில் ஜேஜே என்று கூட்டம். "அரிசி இல்ல, அரிசி இல்ல, எத்தன தடவ சொல்றது" என்று வீட்டுக்காரர் மெத்தையில் சாய்ந்தபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பை ஏந்திய பெண்கள் நகராமல் நின்றார்கள். பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், டின்னை வீட்டுக்காரர் முன்னால், அவர் மெத்தைமேலேயே வைத்தார்.

"என்னா பாய் இது?"

"எலி. ஒங்களுது. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"என் எலியா? என்னாய்யா ஒளறுற?"

"வாத்தியாரு வீட்டுல புடிச்சேன். ஆனா வாத்தியாரு எலி இல்ல. வாத்தியாரு சோறு தின்னா இம்புட்டுத் தொந்தி வராது." பாய் மூடியை நகர்த்தினார். சீமாட்டியின் சிரிப்புக்கு மேலே மீசை துடிக்க ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "ஒங்க அரிசி தின்ன எலி. எந்த அரிசின்னு சொல்லவா, நீங்களே சொல்றீகளா?"

பை ஏந்திய பெண்களில் ஒருத்தி, "எந்த அரிசி?" என்றாள். இன்னொருத்தி, "எங்க இருக்கு?" என்றாள். சத்தம் பின்னால் நின்றவர்களுக்குப் போயிற்று. வீட்டுக்காரரின் முகம் அவித்த பனங்கிழங்கு நிறத்துக்கு வந்தது. எழுந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க, உள்ள பேசிக்குவோம்" என்றார்.

"எதுக்கு உள்ள? சாவிய எடுத்துட்டு வெளிய வாங்க" என்றார் பாய்.

சாவிக்கொத்து, வீட்டுக்காரர், பாய், நான், எங்களுக்குப் பின்னால் அந்தப் பெண்கள். ஊர்வலமாக எங்கள் சந்துக்குள் போனோம். பூட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வீச்சம் வந்து முகத்தில் அடித்தது. உத்தரம் வரை மூட்டைகள். அடி மூட்டைகள் எல்லாம் கிழிந்து, அரிசி சரிந்து, எலிப் புழுக்கையும் சாக்குத் துருவலும் வண்டுமாகப் பாதிக்குமேல் நாசம். காலடியில் எலிகள் சிதறி ஓடின. யாரும் கத்தவில்லை. முன்னால் நின்ற ஓர் அம்மாள் தன் காலிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அடப்பாவி, எலிக்குப் போட்டியே" என்று மட்டும் சொன்னாள்.

நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு கை அரிசியை அள்ளி, ஊதி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சலிச்சா பாதி தேறும். சல்லடை நா அடிச்சுத் தாரேன்" என்றார்.

இரண்டு நாள் அந்தச் சந்தே சலித்தது, புடைத்தது, ஏழு தண்ணீரில் கழுவிக் காயவைத்தது. தேறியதைச் சந்துக்காரர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணினார். அதிகாரிகளுக்குச் சேதி போகாமல் இருக்க அவருக்கு வேறு வழி இல்லை. அறை காலியானதும் எலிகள் மூன்றே நாளில் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டன.

நான்காம் நாள் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க வாத்தியாரே."

ஆக, எலி இல்லாத வீடு கிடைத்தது, வீடு இல்லாமல் போயிற்று. இரண்டு வாரம் தெருத் தெருவாக அலைந்தேன். ஒரு மாட்டுக் கொட்டகை கூடக் கிடைக்கவில்லை. பாயிடம் போய்ச் சொன்னேன். "சொன்னேன்ல, கெடைக்காது" என்று சொல்லிவிட்டுத் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இனி இந்த மனுஷன் முகத்தில் முழிப்பதில்லை என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

மாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது பாயே வந்தார். "எங்க மச்சினன் வீட்டு மாடி. ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி. மழ பேஞ்சா ஒழுகும். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். சாக்கடைத் துவாரத்தில் சல்லடைத் தகரம். கதவின் அடியில் தகரப் பட்டை. உத்தரமும் சுவரும் சேருகிற இடத்தில், குழாய் நுழைகிற ஓட்டையில், ஜன்னல் மூலையில், எங்கே பார்த்தாலும் அளவு பார்த்து வெட்டி, ஆணியடித்து, விளிம்பு மடித்த தகரம். பத்து நாளாகப் பாய் மத்தியானம் கடையை மூடிவிட்டு எங்கேயோ போகிறார் என்று எதிர்க் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் விளங்கியது.

"இனிமே எலி வராதுல்ல பாய்?"

"வரும்" என்றார். "கொஞ்ச நாளாகும்."

அடுத்த நாளே வாடிப்பட்டிக்குப் போய்க் கோமதியையும் குழந்தையையும் அழைத்துவந்தேன். கோமதி ஒவ்வொரு ஓட்டையாகப் போய்த் தகரத்தைத் தடவிப் பார்த்தாள். அறையின் ஓரத்தில் பாய் இன்னும் ஒரு பட்டைக்கு ஆணியடித்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டையும் நீங்களாண்ணே செஞ்சீக?" என்றாள்.

பாய் அடித்த ஆணியையே மறுபடி அடித்தார். ஒரு பெண்பிள்ளை அவருக்கு நன்றி சொல்கிற இடத்தில் நின்று பழக்கமில்லை. அதற்குள் குழந்தை தவழ்ந்துபோய் அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. ஆளைக் கண்டால் அழுகிற குழந்தை, அவர் மடியில் ஏறிக்கொண்டது. பாய் சுத்தியலை மெல்லத் தூர வைத்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தை அங்கேயே தூங்கிவிட்டது. கோமதி எடுத்துக்கொள்ள வந்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கட்டைவிரலில் இருந்த கடித் தழும்பை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தச் சின்னப் பாதத்தைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. குழந்தை விழித்து இறங்கியதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. நான் ஓடிப்போய்த் தோளைத் தாங்கித் தூக்கினேன். அவர் தடுமாறி, சுவரைப் பிடித்து, மெல்ல நிமிர்ந்து நேராக நின்றார். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நான் கையை எடுக்கவில்லை.